அக்கரைப் பள்ளிக்கூடம்

இக்கரைக்கு அக்கரை பச்சை என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வயல், தோப்பு, சம்பளம் ஆகியவற்றில் அது எவ்வளவு தூரம் மெய் என்று நாம் அறியோம். பள்ளிக்கூட விஷயத்தில் அது முக்காலும் மெய் என்பதைச் சென்ற மாதம் மயிலாடும்பாறையில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தெரிந்துகொண்டோம்.

மயிலாடும்பாறை தேனி ஜில்லாவில், ஆண்டிபட்டி தாலுகாவில், வருசநாட்டு மலைகளின் அடியில் இருக்கும் ஊர். கண்டமனூர், கடமலைக்குண்டு வழியாகப் பஸ்ஸில் போக வேண்டும். வைகை நதி குழந்தையாகத் தவழும் பிரதேசம் அது. மூல வைகை என்று பெயர். பெயர்தான் நதி, வருஷத்தில் பல மாதம் மணலைத்தான் பார்க்கலாம். ஆனால் இலவ மரத்துக்கும் தென்னைக்கும் குறைவில்லை. அங்கே நமது நண்பர் ஒருவருக்குச் சிறு இலவந்தோப்பு உண்டு. அவருடைய குமாரர் சிங்கப்பூரில் இன்ஜினீயராக உத்தியோகம் பார்க்கிறார். குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்குவோர்தான் மனைவி மக்களை அங்கே அழைத்துக்கொள்ளலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். சம்பளம் இப்போதுதான் அந்த அளவைத் தாண்டியது. ஒரு மாத லீவில் வந்திருந்தார். பெண்ணுக்கு வயது பத்து. ஊரிலுள்ள சர்க்கார் பள்ளியில் தமிழில் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். பையனுக்கு வயது ஆறு.

நாம் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் ஒரு மகாநாடு நடந்துகொண்டிருந்தது. இரு குழந்தைகளையும் அங்குள்ள பெரிய சர்வதேசப் பள்ளியில் சேர்ப்பது என்பது தகப்பனாரின் தீர்மானம். "சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும், உள்ளூர் சர்க்கார் பள்ளியிலேயே சேர்க்கலாம், அங்கே தமிழும் உண்டாம்" என்பது தாயாரின் திருத்தம். "பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள், பிள்ளை பன்னிரண்டாவது முடிக்கிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்" என்பது தாத்தாவின் மறுப்பு. அப்பத்தா மாத்திரம் ஒன்றும் பேசாமல் சுவரில் சாய்ந்திருந்தார். நம்மைக் கண்டதும், "பத்திரிகைக்காரர் வந்துவிட்டார், அவரே சொல்லட்டும்" என்று தீர்ப்பை நம் தலையில் போட்டுவிட்டார்கள்.

இந்த வழக்கு ஒரு வீட்டு வழக்கு அல்ல; நேயர்களில் பலர் வீட்டிலும் நடப்பதுதான். ஆகவே அன்று பேசியதைக் கொஞ்சம் விரிவாகவே இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கம்பத்திலிருந்து மலையேறினால் குமுளி. போடியிலிருந்து ஏறினால் மூணாற்றுப் பக்கம். ஏலத் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் போய்க்கொண்டிருக்கிறார்கள். 1956-ல் பாஷைவாரியாக ராஜ்யங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன. இடுக்கி ஜில்லாவில் தமிழில் பாடம் சொல்லும் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தமிழில் எழுதவும் கேரள சர்க்கார் இடம் கொடுக்கிறது. ஆனாலும் அங்கே குடியிருக்கும் தகப்பன், தன் பிள்ளை கோட்டயத்தில் வேலை தேடப் போகிறானா, தேனிக்குத் திரும்பி வரப்போகிறானா என்று யோசித்த பிறகுதான் மலையாளப் பள்ளியா, தமிழ்ப் பள்ளியா என்று முடிவு செய்ய முடிகிறது. மலைக்கு அப்பாலே இப்படியென்றால் கடலுக்கு அப்பால் கேட்க வேண்டுமா?

கடலுக்கு அப்பால் குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய் இதே குழப்பத்தில் அகப்பட்டுக்கொண்டவர்களில் மகாத்மா காந்தியும் ஒருவர். 1897 ஜனவரியில் டர்பன் துறைமுகத்தில் அவர் இறங்கியபோது மூன்று சிறுவர்கள் உடன் இருந்தார்கள். சகோதரியின் மகனுக்கு வயது பத்து. சொந்தப் பிள்ளைகளுக்கு ஒன்பதும் ஐந்தும். வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கென்று இருந்த பள்ளிகளில் பாரிஸ்டர் காந்தியின் பிள்ளைகளுக்குச் சலுகையாக இடம் கிடைத்திருக்கும். மற்ற இந்தியக் குழந்தைகளுக்கு இல்லாத சலுகை தம் குழந்தைகளுக்கு வேண்டாம் என்று விட்டார். பாதிரிமார் பள்ளிகள் இருந்தன. அங்கே போதனை இங்கிலீஷில். அதுவும் அவருக்குச் சம்மதமில்லை. குஜராத்தியில் சொல்லிக்கொடுக்கத் தகுந்த உபாத்தியாயரும் அகப்படவில்லை. கடைசியில் மாதம் 7 பவுன் சம்பளத்தில் ஓர் ஆங்கில மாதை வீட்டுக்கு வரவழைத்தார். தாமும் குழந்தைகளிடம் எப்போதும் குஜராத்தியிலேயே பேசி வந்தார். ஆனால் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுக்க அவருக்கு ஓய்வு எங்கே?

முறையான படிப்புக் கிடைக்கவில்லையே என்ற குறை அவருடைய பிள்ளைகளுக்கு இருந்தது. அதைச் 'சத்திய சோதனை'யில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மூத்த குமாரர் ஹரிலால் 1911-ல், மனைவி மக்கள் வந்துவிட்ட 23-வது வயதில், தகப்பனாரைப் பிரிந்து இந்தியாவுக்கு வந்து, ஆமதாபாத்தில் மெட்ரிகுலேஷன் படிக்க முயன்றார். தாய்பாஷையைக் காப்பாற்றினார் காந்தி. பள்ளிக்கூடத்தைக் கோட்டைவிட்டார் என்று அவருடைய பக்தர்களான நாமே சொல்லித்தான் ஆகவேண்டும்.

அதே தென்னாப்பிரிக்காவில் வேறொரு காட்சியும் உண்டு. 1910-ல் ஜோஹானஸ்பர்க்குக்கு அருகே டால்ஸ்டாய் பண்ணை ஏற்பட்டது. அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகள் அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வீட்டில் கேட்ட தமிழ் கொஞ்சம் வாயில் வந்தது. எழுத்தோ ஒன்றுகூடத் தெரியாது. கப்பலிலும் சிறையிலும் போப்பையரின் தமிழ்க் கைநூலை வைத்துக்கொண்டு தாம் கற்ற சொற்பத் தமிழைக் கொண்டு காந்திதான் அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பேச்சில் பிள்ளைகள் அவரைச் சுலபமாகத் தோற்கடித்தார்கள். இங்கிலீஷ் தெரியாத தமிழர் யாராவது அவரைப் பார்க்க வந்தால் அந்தப் பிள்ளைகளே துபாஷி! பேச்சைக் காப்பாற்ற வீடு போதும், எழுத்தைக் காப்பாற்ற உபாத்தியாயர் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

இவ்வளவையும் திண்ணையில் பிரசங்கம் செய்துவிட்டு, குமாரரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டோம். "அங்கே எத்தனை வருஷம் இருப்பதாக உத்தேசம்?"

"இரண்டு வருஷத்துக்கு அனுமதி இருக்கு. அப்புறம் புதுப்பிப்பார்கள்."

"புதுப்பிக்காவிட்டால்?"

பதில் இல்லை. ஒரு மணி நேரமாகச் சம்பளத்தையும் கட்டணத்தையும் கட்டிடத்தையும் பற்றிப் பேசியவர்கள் இதை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அக்கரைப் பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் அதன் முன்வாசலை மாத்திரம் பார்த்தால் போதாது. அங்கிருந்து திரும்பி வரும் கொல்லை வாசல் எங்கே திறக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

முன்வாசலை முதலில் பார்ப்போம். சிங்கப்பூரின் நான்கு ஆட்சி பாஷைகளில் தமிழும் ஒன்று. ஆனால் பள்ளிகளில் போதனை முழுவதும் இங்கிலீஷில். தமிழ், தாய்மொழி என்ற ஒரு பாடமாக இருக்கிறது. ஒரு காலத்தில் தமிழிலேயே எல்லாப் பாடமும் சொல்லும் பள்ளிகள் அங்கே இருந்தன. கடையநல்லூர் முஸ்லிம் பெருமக்கள் 1946-ல் தொடங்கிய உமறுப்புலவர் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, பிள்ளைகள் குறைந்து, 1982-ல் மூடப்பட்டது. இப்போது அந்தப் புலவரின் பெயர் ஒரு தமிழ்மொழி நிலையத்துக்கு வழங்குகிறது. ஆரம்பப் பள்ளி ஆறு வருஷம். ஆறாவது முடிவில் நாடு முழுவதற்கும் ஒரு பொதுப் பரீட்சை. இங்கிலீஷ், கணிதம், விஞ்ஞானம், தாய்மொழி என்று நான்கு பாடம். தமிழில் நன்றாக எழுதும் குழந்தைக்கு அது நல்ல கைத்துணை.

ஆனால் உள்ளே போவது எளிதல்ல. அந்நியநாட்டுக் குழந்தைகள் இரண்டு முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலோ, உயர்நிலைப் பள்ளியின் முதல் மூன்று வகுப்புகளிலோ சேர வேண்டுமானால் இங்கிலீஷிலும் கணிதத்திலும் நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும். தேறினாலும் காலியிடம் இருந்தால்தான் இடம். கேட்ட பள்ளி கிடைக்கும் என்பதும் இல்லை. கட்டணமும் குடிமக்கள் கொடுப்பதைப்போல் பல மடங்கு. ஆறாம் வகுப்பில் இந்த வழியாகச் சேர்க்கை கிடையாது. அங்கே பள்ளி வருஷம் ஜனவரியில் ஆரம்பம். ஏழு வயது நிறையும் வருஷத்தில் முதல் வகுப்பு. ஆகவே நம் நண்பர் வீட்டுப் பையனுக்கு அவசரம் இல்லை. பெண்ணுக்கோ வரும் ஜனவரியில் ஐந்தாம் வகுப்பு. அதுதான் ஆரம்பப் பள்ளியின் கடைசிக் கதவு. அது தவறினால் உயர்நிலைப் பள்ளியின் வாசலில் போய்த்தான் நிற்க வேண்டும்.

இந்தியப் பாடத்திட்டத்தில் நடக்கும் தனியார் பள்ளிகளும் அங்கே உண்டு. செலவு அதிகம், ஆனால் இரண்டு வருஷத்தில் திரும்பினால் இங்கே வகுப்பில் உட்காருவது எளிது. சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, அங்கே தமிழ் ஒரு பாடமாக உண்டா, எந்த வகுப்பு வரை உண்டு என்பதே. மைதானமும் நீச்சல் குளமும் அதற்குப் பிறகு.

வளைகுடா நாடுகளுக்குப் போகும் நேயர்களுக்கும் இது பொருந்தும். துபாயில் 1961 முதலே இந்தியப் பள்ளிக்கூடம் இருக்கிறது; அப்பிரதேசமெங்கும் மத்திய போர்டின் பாடத்திட்டத்தில் பல பள்ளிகள் நடக்கின்றன. மலேசியாவின் நிலைமை வேறு. பினாங்கில் 1816-ல் ஒரு பள்ளியில் தமிழ் வகுப்புத் தொடங்கிய காலம் முதல் வளர்ந்து, இன்று ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் அங்கே இருக்கின்றன. ஆறு வருஷம் தமிழில் படிப்பு. அதற்கு மேல் மலாயில். மலாய் போதாத பிள்ளைகளுக்கு இடையில் ஒரு வருஷம் புகுமுக வகுப்பும் உண்டு. ஆனால் அவை அந்நாட்டுத் தமிழ்க் குடிமக்கள் பாடுபட்டுக் காப்பாற்றிய சொத்து. உத்தியோகத்துக்காகச் சில வருஷம் போகிறவர்களின் குழந்தைகள் பெரும்பாலும் சர்வதேசப் பள்ளிகளுக்குத்தான் போகிறார்கள்.

இனிக் கொல்லை வாசல். இங்கேதான் தாத்தாவின் வாதத்தை நாம் மரியாதையோடு கேட்க வேண்டியதாயிற்று. "பிள்ளை வகுப்பில் முதல். டாக்டராக வேண்டும் என்கிறாள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை சர்க்கார் பள்ளியில் படித்தால்தானே அந்த ஏழரை சதவிகிதம்?" என்றார். அவர் சொன்னது சரியே. 2020-ல் தமிழ்நாட்டில் செய்த சட்டப்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியில் படித்து, நீட் பரீட்சையில் தேறியவர்களுக்கு வைத்தியக் கல்லூரி இடங்களில் 7.5 சதவிகிதம் தனியே ஒதுக்கப்படுகிறது. 2021-ல் இன்ஜினீயரிங், விவசாயம் முதலிய படிப்புகளுக்கும் இது வந்தது. இவை தவிர, தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில உத்தியோகங்களில் 20 சதவிகிதம் முன்னுரிமை தரும் 2010-ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது; 2020-ல் செய்த திருத்தத்தின்படி பள்ளிப்படிப்பு முதலே தமிழ் வழியில் இருக்க வேண்டும். ஐந்தாவது முடித்துக் கப்பலேறும் பெண் இந்த இரண்டையும் கரையில் விட்டுவிட்டுத்தான் போகிறாள். இதைத் தெரிந்துகொண்டு விடுவது வேறு, தெரியாமல் இழப்பது வேறு.

மற்றொன்றும் உண்டு. 2006-ல் செய்த தமிழ் கற்கும் சட்டத்தால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடம். முதலில் மாநிலப் பாடத்திட்டத்தில் ஆரம்பித்து, 2015-16 முதல் மற்றப் பாடத்திட்டப் பள்ளிகளிலும் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகக் கொண்டுவரப்பட்டது. ஐந்தாறு வருஷம் அக்கரையில் தமிழெழுத்தைத் தொடாத பையன் எட்டாம் வகுப்பில் திரும்பி வந்தால், பக்கத்துப் பெஞ்சுப் பையன் செய்யுள் எழுதுகையில் இவன் 'ழ' எங்கே வளைகிறது என்று யோசித்துக்கொண்டிருப்பான். விலக்குக் கேட்டு மனுப் போடுகிறவர்கள் உண்டு. விலக்கை நம்பியா பிள்ளை வளர்ப்பது?

தாத்தாவின் கணக்கில் பிழை இல்லை. ஆயினும் அவர் முடிவை நாம் ஏற்கவில்லை. ஒதுக்கீடு இடத்தைத்தான் ஒதுக்குகிறது. பரீட்சையில் தேற வேண்டியவள் அந்தப் பெண்தான். அப்படி ஒரு நம்பிக்கைக்காகப் பத்து வயதுக் குழந்தையைத் தாய் தகப்பனிடமிருந்து ஏழு வருஷம் பிரித்து வைப்பதா? தம்பி மாத்திரம் அம்மாவோடு விமானம் ஏறுவதை அவள் வாசலில் நின்று பார்ப்பதா? அந்தக் கணக்கு எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்காது. அவள் மனத்தில் எழுதியிருக்கும். வேறு வழியே இல்லாத குடும்பங்கள் அப்படிச் செய்கின்றன. அவர்களை நாம் குறை கூறவில்லை. வழி இருக்கிறவர்கள் செய்ய வேண்டாம் என்பதே நமது அபிப்பிராயம்.

பிறகு குமாரரை மறுபடியும் நெருக்கினோம். பையனின் பள்ளிப் படிப்பு முடியும் வரை, அதாவது பத்துப் பன்னிரண்டு வருஷம், அங்கேயே இருக்கத்தான் மனத்தில் எண்ணம் என்று மெதுவாக வெளியே வந்தது. அப்படியானால் தாயார் சொன்னதே சரி என்றோம். மூன்று வருஷத்துக்குள் திரும்புகிறவர்கள் இந்தியப் பாடத்திட்டமும் தமிழும் சேர்ந்த பள்ளியைத் தேடட்டும். நீண்ட காலம் இருக்கிறவர்கள், தமிழுக்கு இடம் இருக்கும் அந்நாட்டுப் பள்ளியையே நாடட்டும். அக்கம்பக்கத்துக் குழந்தைகளோடு கூடிப் படிப்பதே அந்த ஊரில் வாழக் கற்பதும் ஆகும். பெண்ணுக்கு இந்த வருஷமே நுழைவுப் பரீட்சை. அதுவரை தினம் ஒரு மணி இங்கிலீஷ். தேறாவிட்டால் ஒரு வருஷம் தனியார் பள்ளி. அதற்கான பணத்தை இப்போதே எடுத்து வைத்துவிட வேண்டும். ஊரை விடுமுன் மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றுக்கும் உரிய முத்திரை பெற்றுக்கொள்ள வேண்டும். கடைசி வாரத்தில் காகிதத்துக்காக அலைந்தவர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம்.

இதுவரை யாரும் அந்தப் பெண்ணைக் கேட்கவில்லை. கதவோரம் நின்றவளை அழைத்தோம். டாக்டர் படிப்பைப் பற்றியோ விமானத்தைப் பற்றியோ அவள் கேட்கவில்லை. "அங்கே தமிழ் டீச்சர் இருப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள். இருப்பார்கள் என்றோம். முகம் கொஞ்சம் தெளிந்தது.

அப்போதுதான் அப்பத்தா வாய் திறந்தார். அவருடைய நாத்தனார் பேரன் ஒருவன் அக்கரையில் வளர்கிறானாம். ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசித் திரையில் வந்து, "ஹலோ" என்று கையை ஆட்டிவிட்டு ஓடிவிடுகிறானாம். "முகம் தெரியுது. பேச்சுத்தான் இல்லை" என்றார்.

சபை கொஞ்ச நேரம் மௌனமாயிற்று. நாம் அத்தனை நேரம் சொன்ன சட்டங்களுக்கும் தேதிகளுக்கும் இது அடிக்குறிப்பு அல்ல, இதுவே மூலம். சிங்கப்பூரில் தமிழுக்கு ஆட்சி பாஷை என்ற சிம்மாசனம் இருக்கிறது, பள்ளியில் பாடமாக இருக்கிறது, பரீட்சையில் மதிப்பெண்ணும் இருக்கிறது. அப்படியிருந்தும், வீட்டில் பெரும்பாலும் தமிழே பேசுகிறவர்கள் அந்நாட்டு வாசிகளில் 2010-ம் வருஷக் கணக்கில் 3.3 சதவிகிதமாக இருந்து, 2020-ல் 2.5 ஆகக் குறைந்திருக்கிறார்கள். சர்க்கார் சிம்மாசனம் தரலாம். சாப்பாட்டு வேளையில் பேசுவதற்குச் சர்க்கார் வர முடியாது. டால்ஸ்டாய் பண்ணையில் எழுத்துக்கு உபாத்தியாயர் வேண்டியிருந்தது. இன்று அக்கரை வீடுகள் பலவற்றில் பேச்சுக்கே தாய் தகப்பன் வேண்டியிருக்கிறது.

ஆகவே வீட்டுக்கும் ஒரு பாடத்திட்டம் போட்டோம். வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் தமிழ். பையனுக்கு இன்னும் மெய்யெழுத்து முடியவில்லை. அவனுக்கு எழுத்தறிவிக்கும் உத்தியோகம் அக்காளுக்கு. மாதம் ஒருமுறை இரு குழந்தைகளும் கைப்பட அப்பத்தாவுக்குக் காகிதம் எழுத வேண்டும். தகப்பனார் உடனே ஒப்புக்கொண்டார். தாத்தா அரைமனத்தோடு தலையசைத்தார். ஏழரை சதவிகிதத்தை அவர் இன்னும் மறக்கவில்லை.

புது உபாத்தியாயினி மாத்திரம் ஒரு சந்தேகம் கேட்டாள். தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பதற்குச் சம்பளம் என்ன என்றாள்.

"வருஷத்துக்கு ஒரு இலவம்பஞ்சுத் தலையணை. நம்ம தோப்புப் பஞ்சு. காகிதம் வராத மாசத்துக்குப் பஞ்சைப் பிடித்துக்கொள்வேன்" என்றார் அப்பத்தா.